கோல்கியில் ஃப்ராப்: மீட்சி பாதியில் நிற்கிறது, 1996 கட்டுரையோ வேறு சொல்கிறது

சிஸ்டர்னா:

வணக்கம். செல் உயிரியலாளர் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் ஆய்வகத்தின் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு, கூடவே அவற்றில் ஒன்றைச் செய்தும் பார்த்துவருகிறேன். செய்வது ஃப்ராப்: ஒளிரும் புரதத்தை ஓரிடத்தில் மட்டும் லேசரால் வெளுத்து (ஒளிராமல் செய்து), பக்கத்திலிருந்து புரதம் வந்து அந்த இடம் எவ்வளவு மீள்கிறது என்று அளக்கும் முறை. கோல்கி (செல்லுக்குள் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் சவ்வு உறுப்பு) நொதிகள் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவை அல்ல, சவ்வுக்குள் தாராளமாக விரவித் திரிபவை என்று 1996இல் சயின்ஸ் இதழில் நெல்சன் கோலும் அவரும் மற்றவர்களும் காட்டியிருந்தார்கள். விரவல் குணகம் (பரவும் வேகத்தின் அளவு) விநாடிக்கு 0.3 முதல் 0.5 சதுர மைக்ரோமீட்டர். எனக்கு அப்படி வரவில்லை.

நான் செய்வது: காஸ்-7 செல்கள் (குரங்குச் சிறுநீரகச் செல் வகை), கேலக்டோசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற கோல்கி நொதியுடன் இணைத்த பச்சை ஒளிர் புரதம் இஜிஎஃப்பி (கீழே 'கேல்டி' என்றே எழுதுகிறேன்), அதன் மரபணுவைச் செல்லுக்குள் ஏற்றும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ஆகி 24 மணி நேரம், 37 டிகிரி. கான்ஃபோகல் நுண்ணோக்கி, 63 மடங்கு 1.4 எண்ணெய் ஆப்ஜெக்டிவ், 488 நானோமீட்டர் லேசர், பின்ஹோல் (குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியைத் தடுக்கும் துளை) 1 ஏரி (Airy) அளவு. கோல்கி மேல் 4 மைக்ரோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு 20 சுற்று வெளுக்கிறேன், அதற்கு 4 விநாடி ஆகிறது. பிறகு 512க்கு 512 படம், 3 விநாடிக்கு ஒன்று, 2 நிமிடம் வரை.

பின்னணியைக் கழித்து, வெளுப்புக்கு முந்தைய அளவை 1 என்று வைத்தால், வெளுத்த பிறகு முதல் படத்தில் வட்டம் 0.35. கடைசியில் 0.68இல் நின்றுவிடுகிறது. கணக்குப்படி நகரும் பங்கு 51 விழுக்காடு. மீதிப் பாதி எதையோ பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது என்று எழுதலாமா?

இன்னொன்று. அதே ஆய்வகம் பின்னால் ஒளியால் இயங்கும் ஜிஎஃப்பி (ஊதா ஒளி பட்ட பிறகே ஒளிரும் பச்சைப் புரதம்), பால்ம் (தனித்தனி மூலக்கூறின் இடத்தைக் கணிக்கும் நுண்ணோக்கி முறை) என்று போய்விட்டது. நானும் ஃப்ராப்பை விட்டுவிட்டு நேரே பால்முக்குப் போவது நல்லதா? எந்தக் கட்டுரைக்குப் பிறகு எதைப் படிப்பது?

---

ஆப்ஜெக்டிவ்63:

அவசரப்பட்டு 'அசையாத பாதி'ன்னு எழுதிடாதீங்க. நீங்க கொடுத்த எண்களுக்குள்ளயே ரெண்டு கோளாறு தெரியுது.

முதல்ல வேகம். வட்டமா, ஒரே சீரா வெளுத்திருந்தா சும்பாசிஸ் சூத்திரம்: விரவல் குணகம் = 0.224 × ஆரம்² ÷ அரைநேரம் (மீட்சியில பாதி வர ஆகிற நேரம்). உங்க ஆரம் 2 மைக்ரோமீட்டர். 1996 கட்டுரைப்படி குணகம் 0.4ன்னு வச்சுக்கிட்டா அரைநேரம் 0.224 × 4 ÷ 0.4, அதாவது சுமார் 2.2 விநாடி. நீங்க வெளுக்கவே 4 விநாடி எடுக்கிறீங்க. லேசர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வெளியில இருந்து புது மூலக்கூறு வட்டத்துக்குள்ள வந்து, அதுவும் வெளுத்து, திரும்ப வெளியே போகுது. நீங்க வெளுத்தது வட்டத்தை மட்டும் இல்ல, அதைச் சுத்தி ஒரு பெரிய வளையத்தையும் சேர்த்துத்தான். அதுக்கு மேல முதல் படம் எடுக்கறதுக்குள்ள இன்னும் ஒரு அரைநேரத்துக்கு மேல ஓடிப் போயிருக்கலாம். ஆக 0.35ங்கிறது வெளுப்பு முடிஞ்ச நொடியோட அளவு இல்ல, ஏற்கெனவே பாதி மீண்ட பிறகு எடுத்த அளவு. அதைச் சுழியா வச்சுக் கணக்குப் போட்டா நகரும் பங்கு குறைவாத்தான் வரும்.

மாத்த வேண்டியது: வெளுப்பு நேரம் அரைநேரத்துல பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், உங்களுக்கு 0.2 விநாடி. லேசரை முழு சக்திக்கு ஏத்தி 1 முதல் 3 சுற்று போதும். 80 விழுக்காடு வெளுக்கணும்னு கட்டாயம் இல்ல, 50 விழுக்காடு குறைஞ்சாலே வளைவு நல்லா வரும். ஆழமா வெளுக்கணுங்கிற ஆசையிலதான் நிறைய பேர் சுற்றைக் கூட்டிக் கெடுத்துக்கறாங்க. படத்தை 512 வரியில இருந்து 128 வரிக்குக் குறைங்க, இருதிசை வருடலைப் போடுங்க. பெரும்பாலான கருவிகள்ல ஒரு படம் 0.1 - 0.2 விநாடிக்கு வந்துடும். வெளுப்புக்கு முன்னாடி 10 படம், வெளுத்த பிறகு முதல் 15 விநாடி இடைவெளியே விடாம, அப்புறம் விநாடிக்கு ஒண்ணுன்னு ஒன்றரை நிமிஷம். படம் எடுக்கிற லேசர் சக்தி 1 விழுக்காட்டுக்குக் கீழ இருந்தா நல்லது.

ரெண்டாவது, இருப்பு. கோல்கி சின்ன உறுப்பு. 4 மைக்ரோமீட்டர் வட்டம்னா அதுல கணிசமான பங்கை நீங்க கொன்னுட்டீங்க. குடத்துல மூணுல ஒரு பங்கு தண்ணியை இறைச்சுக் கொட்டிட்டு, மட்டம் ஏன் பழைய கோட்டுக்கு வரலைன்னு கேக்கிற கதைதான். எல்லா மூலக்கூறும் நகர்ந்தாலும் வட்டம் 1க்குத் திரும்பாது.

மூணு எண் வேணும். முழு கோல்கியையும் சுத்தி ஒரு எல்லை வரைஞ்சு மொத்த ஒளிர்வு எவ்வளவுன்னு பாருங்க: வெளுப்புக்கு முன்னாடி, வெளுத்த உடனே, கடைசிப் படத்துல. பின்னணியைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க.

---

சிஸ்டர்னா:

பார்த்தேன். முன்னால் 1.00, வெளுத்தவுடன் 0.70, கடைசிப் படத்தில் 0.69.

---

ஆப்ஜெக்டிவ்63:

சரியாப் போச்சு. இரட்டை இயல்பாக்கம் செய்யணும்: வட்டத்தோட ஒளிர்வை அந்தந்த நேரத்து முழு கோல்கி ஒளிர்வால வகுக்கணும்.

வெளுத்த உடனே: 0.35 ÷ 0.70 = 0.50
கடைசியில: 0.68 ÷ 0.69 = 0.99
நகரும் பங்கு: (0.99 − 0.50) ÷ (1 − 0.50) = 0.97 அல்லது 0.98, எங்க முழுமையாக்குறீங்கங்கிறதைப் பொறுத்து.

உங்க 'அசையாத பாதி' இவ்வளவுதான். 1996 முடிவோட ஒத்துப்போகுது. கடைசி 0.69ங்கிறதுல இன்னொரு நல்ல சேதியும் இருக்கு: 2 நிமிஷத்துல படம் எடுக்கறதால வந்த வெளுப்பு 1 - 2 விழுக்காடுதான். அது 10ஐத் தாண்டுச்சுன்னா திருத்தத்தை நம்பாதீங்க, லேசரைக் குறைச்சுத் திரும்ப எடுங்க.

ஆனா இந்த 0.97ஐ அப்படியே வெளியிடவும் கூடாது. பின்ஹோல் 1 ஏரியில இருக்கு. அப்படின்னா நீங்க அளந்த 'முழு கோல்கி' உண்மையில ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான துண்டு. கோல்கி மேலயும் கீழயும் பல மைக்ரோமீட்டர் போகுது. பின்ஹோலை முழுசா திறந்துடுங்க, இல்லாட்டி குறைஞ்சது 3 ஏரி வைங்க. இங்க கூர்மை தேவையில்ல, மொத்தக் கணக்குதான் தேவை. குவியம் லேசா நழுவினாலும் வளைவு ஆடாதுங்கிறது கூடுதல் லாபம்.

அப்புறம் சும்பாசிஸ் சூத்திரத்தைப் பத்தி. அது எல்லையில்லாத சமதளச் சவ்வுக்கு எழுதினது. கோல்கி நாடா மாதிரி மடிஞ்சு, துளை விழுந்து கிடக்குது. அதுல இருந்து வர்ற குணகத்தைத் தோராயமா மட்டும் எடுத்துக்கோங்க. வெளுப்பு வட்டத்தைத் தாண்டிப் பரவினதுக்காவது திருத்தம் போடலாம்: 2012ல காங், கென்வொர்தி குழு கொடுத்த எளிய வடிவம், விரவல் குணகம் = (வரைஞ்ச ஆரம்² + உண்மை ஆரம்²) ÷ (8 × அரைநேரம்). உண்மை ஆரத்தை வெளுத்த பின் முதல் படத்துல இருந்து அளக்கணும். வட்ட மையத்துல இருந்து வெளியே கோடு போட்டு ஒளிர்வைப் பாருங்க. வெளுப்போட ஆழம் மையத்துல இருக்கிறதுல 14 விழுக்காடா குறையிற இடம்தான் அது.

இது எவ்வளவு வித்தியாசம் தரும்னா: வரைஞ்ச ஆரம் 2, உண்மை ஆரம் 3, அரைநேரம் 4 விநாடின்னு வைங்க. திருத்தத்தோட (4 + 9) ÷ 32 = 0.41. சும்பாசிஸ்ல 0.224 × 4 ÷ 4 = 0.22. கிட்டத்தட்ட பாதி! ரெண்டு ஆய்வகம் ஒரே புரதத்துக்கு ரெண்டு மடங்கு வித்தியாசத்துல எண் சொல்றப்போ முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

---

ஒளிப்பாதை:

கணக்கு நேராகிவிட்டது. ஆனால் 97 விழுக்காடு என்பதை நிரூபிக்கக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் வேண்டும். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் வெளுப்பு. இருப்புக் குறைவா, உண்மையிலேயே அசையாத பங்கா என்று பிரித்தறிய இதைவிட மலிவான சோதனை கிடையாது. வளைவு சமநிலைக்கு வந்தபின் அதே வட்டத்தை அதே அமைப்பில் மறுபடி வெளுக்க வேண்டும். அசையாத மூலக்கூறுகள் இருந்திருந்தால் அவை முதல் முறையே வெளுத்துப்போயிருக்கும். இரண்டாம் முறை வட்டத்தில் ஒளிர்பவை எல்லாம் நகர்பவைதாம், எனவே இரண்டாம் வளைவு தன் புதிய தொடக்க அளவுக்கு மிக அருகில் ஏறும். குறை இருப்பில்தான் என்றால் இரண்டாம் முறையும் தன் புதிய தொடக்க அளவில் ஏறக்குறைய அதே 0.7 பங்கில் நிற்கும். திருத்தம் எதுவும் போடாத எண்களிலேயே விடை தெரிந்துவிடும்.

நிலைப்படுத்திய (வேதிப்பொருளால் அப்படியே உறையவைத்த) செல். இஜிஎஃப்பி முழுக்க வெளுத்ததுபோல் இருந்தாலும் அதில் ஒரு பகுதி தற்காலிகமாக இருண்ட நிலைக்குப் போய், சில விநாடிகளில் தானாகவே திரும்பி ஒளிரும். விரவலே இல்லாமல் மீட்சி போன்ற ஒரு வளைவை அது தரும். செல்லை நிலைப்படுத்தி, அதே அமைப்பில் வெளுத்து, வரும் 'மீட்சியை' அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் பலரும் கவனிக்காதது ஒன்று: 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் சவ்வுப் புரதங்கள் எல்லாம் நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. சில புரதங்கள் நிலைப்படுத்திய பிறகும் சவ்வுக்குள் திரிந்துகொண்டுதான் இருக்கும். கூடவே 0.2 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு சேர்த்தால் நிற்கும். குளுட்டரால்டிஹைடு தானே பச்சையில் ஒளிரும் என்பதால் புரதம் ஏற்றாத செல்லையும் அதே முறையில் நிலைப்படுத்தி, அந்தப் பின்னணியைக் கழிக்க வேண்டும்.

புது வரத்து. 2 நிமிடப் படத்துக்கு இது பொருட்டில்லை. ஆனால் அரை மணி, ஒரு மணி என்று நீட்டினால் எண்டோபிளாச வலையிலிருந்து, அதாவது இஆரிலிருந்து, புதிதாகச் செய்யப்பட்ட கேல்டி வந்து சேரும். சைக்ளோஹெக்சிமைடு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், படம் எடுப்பதற்கு அரை மணி முன்னால் சேர்த்தால் புதுப் புரதத் தயாரிப்பு நின்றுவிடும்.

செல்லைத் தேர்ந்தெடுப்பது. பளிச்சென்று தெரியும் செல்லைத்தான் கண் தேடும். அதில் கேல்டி அளவுக்கு மீறி ஏறி, இஆர் முழுக்க நிரம்பி, கருவைச் சுற்றி வளையமாகவும் தெரியும். அந்தச் செல்லில் நீங்கள் அளப்பது கோல்கியும் அல்ல, இஆரும் அல்ல, இரண்டின் கலவை. மங்கலான செல்லை எடுங்கள். மங்கல் என்பதற்காக டிடெக்டர் ஆஃப்செட்டைக் குறைத்துப் பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடாதீர்கள். பின்னணிப் பிக்சல்கள் சுழியில் வெட்டுப்பட்டால் கழித்தலே தவறாகிவிடும். மேல்முனையிலும் நிறைவடைந்த பிக்சல் ஒன்றுகூட வட்டத்துக்குள் இருக்கக் கூடாது. 8 பிட்டை விட 12 பிட்டில் எடுப்பது நல்லது.

வெப்பம். எண்ணெய் ஆப்ஜெக்டிவ் ஒரு பெரிய உலோகக் கட்டி. கவர்ஸ்லிப்போடு ஒட்டியிருப்பதால் செல்லின் சூட்டை உறிஞ்சிவிடும். மேடை 37 டிகிரி காட்டும், படம் எடுக்கும் இடத்தில் சில டிகிரி குறைவாக இருக்கும். ஆப்ஜெக்டிவுக்கும் சூடேற்றி போட்டு, எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டுச் சமநிலைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். குவியம் நழுவுவதற்கு முதல் காரணமும் இந்தச் சூடு ஏறி இறங்குவதுதான். ஃபீனால் சிவப்பு இல்லாத ஊடகம். கரியமில வாயு வசதி இல்லாவிட்டால் 20 - 25 மில்லிமோலார் ஹெப்பீஸ் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் சேர்மம்).

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் அடுத்தபடியாக இங்கேதான் வழுக்கும். ஏதோ ஒரு மருந்து போட்டு விரவல் குணகம் 0.4இலிருந்து 0.3 ஆனால் 'புரதம் இரட்டையாக இணைந்துவிட்டது' என்று எழுதத் தோன்றும். சவ்வுக்குள் இருக்கும் புரதத்தின் விரவல் அதன் ஆரத்தை மிக மெலிதாக, மடக்கை அளவில்தான் சார்ந்திருக்கிறது. இரண்டு சேர்ந்தாலும் குணகம் பெரிதாகக் குறையாது. பத்து மடங்கு குறைந்தால் எதையோ பற்றிக்கொண்டிருக்கிறது என்று பேசலாம். 1997இல் எல்லென்பெர்க் குழு லாமின் பி ஏற்பியில் பார்த்தது அதைத்தான்: இஆர் சவ்வில் விநாடிக்கு 0.4 சதுர மைக்ரோமீட்டர் வேகத்தில் திரிந்த அதே புரதம், கரு உறையின் உள்சவ்வுக்குப் போனதும் அசையாமல் நின்றுவிட்டது.

---

தாள்வாசி:

கட்டுரை வரிசை பற்றி நான் சொல்கிறேன்.

தொடக்கம் 1989, செல் இதழ். லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் கிளவுஸ்னரிடம் இருந்தார். பிரெஃபெல்டின் ஏ என்ற பூஞ்சை நச்சைப் போட்டால் கோல்கி நொதிகள் சில நிமிடங்களில் இஆருக்குத் திரும்பிவிடுகின்றன, கழுவிவிட்டால் கோல்கி மறுபடி உருவாகிறது. ஜிஎஃப்பி கைக்கு வராத காலம். எல்லாம் நிலைப்படுத்திய செல்களில், எதிர்ப்பொருள் ஒட்டிப் பார்த்தது. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தட்டு. பிறகு வந்த எல்லாக் கேள்வியும் இதிலிருந்துதான் முளைத்தது: கோல்கி ஒரு நிலையான உறுப்பா, அல்லது இஆருடன் ஓயாத கொடுக்கல் வாங்கலில் நிற்கும் ஒரு சமநிலையா?

நிலைப்படுத்திய செல் இதற்குப் பதில் சொல்லாது. கோல்கியில் 100 மூலக்கூறு தெரிகிறது என்றால் அதே 100தான் நிற்கிறதா, ஆள் மாறி மாறி வந்து போகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி ஜிஎஃப்பியை வேறு உயிரிகளில் ஒளிரவைத்துக் காட்டியதும் இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அடுத்து படிக்க வேண்டியது நீங்கள் வைத்திருக்கும் 1996. அதற்கடுத்தது 1997இல் நேச்சரில் பிரெஸ்லி முதல் ஆசிரியராக எழுதியது. விஎஸ்வி வைரஸின் ஜி புரதத்தில் டிஎஸ்045 என்ற வெப்பம் தாங்காத வடிவம் உண்டு: 40 டிகிரியில் சரியாக மடியாமல் இஆரிலேயே தேங்கும், 32 டிகிரிக்கு இறக்கினால் மடிந்து ஒரே நேரத்தில் அலையாகக் கிளம்பும். நடப்பதை நேராகப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்துவிட்டது. 1998இல் ஹிர்ஷ்பெர்க் கட்டுரை அதே புரதத்தை வைத்து இஆர், கோல்கி, செல்சவ்வு மூன்றுக்கும் வீதச் சமன்பாடு எழுதியது. வழிமுறைப் பாகத்தைத் தவறவிடாதீர்கள். கண்ணுக்கு அழகான படமாக நின்றுவிடாமல் ஒளிர்வை மூலக்கூறு எண்ணிக்கையாக மாற்றும் இடம் அது.

1999 ஜால் கட்டுரையை எச்சரிக்கையோடு படியுங்கள். செல் பிரியும்போது கோல்கிச் சவ்வு இஆருக்குள் கரைந்து பிறகு மீண்டும் எழுகிறது என்பது அதன் வாதம். இது இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி இல்லை. 2004இல் பெக்காட், மல்ஹோத்ரா இருவரும் ராபமைசின் என்ற மருந்தைக் கொண்டு ஒரு பொறி வைத்தார்கள்: கோல்கி நொதி இஆருக்குள் ஒரு தடவையாவது வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டும். செல் பிரிந்து முடிந்தும் மாட்டவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒளிர்வுப் படம் எங்கே வரை சாட்சி சொல்லும், எங்கே நின்றுவிடும் என்று விளங்கும். என் பார்வையில் 1999 கட்டுரை அதன் முடிவுக்காக இல்லாவிட்டாலும் இந்தச் சண்டைக்காகவாவது படிக்க வேண்டியது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. ஃப்ராப்பின் பலவீனம், அது இல்லாததை வைத்து இருப்பதைக் கணிக்கிறது. நீங்கள் பார்ப்பது ஓட்டையை. ஓட்டையை நிரப்பியது பக்கத்திலிருந்து வந்ததா, இஆரிலிருந்து வந்ததா, புதிதாகச் செய்யப்பட்டதா என்று வளைவு சொல்லாது. ஜார்ஜ் பேட்டர்சனும் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் 2002இல் செய்த ஒளியால் இயங்கும் ஜிஎஃப்பி இதைத் தலைகீழாக்கியது. 203ஆம் அமினோ அமில இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஹிஸ்டிடின். முதலில் 488இல் ஏறக்குறைய இருட்டு. 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா லேசரைக் காட்டினால் அதே 488இல் சுமார் 100 மடங்கு ஒளிர்கிறது. ஒரு மூலையில் மட்டும் இயக்கிவிட்டு அந்தக் கூட்டம் எங்கே போகிறது என்று பின்தொடரலாம். புதிதாகச் செய்யப்படும் புரதம் இருட்டாகவே இருப்பதால் கணக்கில் குறுக்கிடாது, சைக்ளோஹெக்சிமைடும் தேவையில்லை. 2008இல் செல் இதழில் வந்த பேட்டர்சன் கட்டுரை, சரக்கு கோல்கிக்குள் காத்திருந்து வரிசையாக வெளியேறுகிறதா என்று கேட்டது. வெளியேற்றம் தாமதமின்றி, அடுக்குக்குறிச் (எக்ஸ்போனென்ஷியல்) சரிவாக வந்தது. அதை வைத்து இரு கட்டச் சவ்வு மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அதுவும் சர்ச்சைக்குரியதுதான், ஆனால் உங்கள் சோதனைக்கு நேரடி உறவு.

பால்ம் அந்த மூலக்கூறின் இன்னொரு பயன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்காமல் ஊதா ஒளியைத் துளித்துளியாகக் காட்டினால் ஒரு படத்தில் சில மூலக்கூறுகள் மட்டும், ஒன்றோடொன்று மேல்படாமல் ஒளிரும். ஒவ்வொன்றின் மங்கல் புள்ளிக்கும் மையத்தைக் கணக்கிடலாம். துல்லியம் ஏறக்குறைய புள்ளியின் அகலம் வகுத்தல் ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலம்: அகலம் 125 நானோமீட்டர், 400 ஃபோட்டான் என்றால் 6 நானோமீட்டர். எரிக் பெட்சிக், ஹரால்ட் ஹெஸ் இருவரும் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸுடனும் பேட்டர்சனுடனும் சேர்ந்து 2006இல் சயின்ஸில் எழுதினார்கள். பெட்சிக்குக்கு 2014 வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் 2006 பால்ம் நிலைப்படுத்திய செல்களில், மெல்லிய வெட்டுத்துண்டுகளில், ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் எடுத்தது. 'எங்கே இருக்கிறது' என்பதற்கு அது விடை. உங்கள் கேள்வியோ 'எவ்வளவு வேகமாகப் போகிறது, எங்கே போகிறது' என்பது. அதற்கு நிலைப்படுத்திய செல்லில் 6 நானோமீட்டர் துல்லியம் கிடைத்து என்ன பயன்? உயிருள்ள செல்லில் தனித்தனி மூலக்கூறைத் தடம்பிடிக்கும் வடிவம் 2008இல் மேன்லி முதல் ஆசிரியராக வந்தது. செல்சவ்வுக்கு அது அருமை. அடிப்பரப்பை ஒட்டி ஒளியூட்டும் டர்ஃப் முறையில் கண்ணாடியிலிருந்து 100 - 200 நானோமீட்டர் வரைதான் தெரியும் என்பதால் உள்ளே தள்ளி இருக்கும் கோல்கிக்கு அவ்வளவாக உதவாது. ஃப்ராப்பை இரண்டாம் வெளுப்போடு முடியுங்கள், அடுத்து ஒளியால் இயங்கும் ஜிஎஃப்பி. பால்ம் இப்போதைக்கு வேண்டாம்.

படிக்கும் வரிசையில் இடையே 2003 ஸ்நாப் கட்டுரையையும் செருகிக்கொள்ளுங்கள். இஆர் சவ்வுப் புரதத்தில் சைட்டோபிளாசப் பக்கம் ஜிஎஃப்பி ஒட்டினால் ஜிஎஃப்பிகள் மெலிதாக ஒன்றையொன்று பற்றி, அடுத்தடுத்த இஆர் சவ்வுகளைத் தையல் போட்டு அடுக்கிவிடுகின்றன. சுருள் சுருளாக, ஏதோ புது உறுப்பு போலத் தெரியும். 206ஆம் அலனினை லைசினாக மாற்றினால் போய்விடும். கேல்டியில் ஜிஎஃப்பி உள்ளறைப் பக்கம் இருப்பதால் இந்த அடுக்கல் வராது, ஆனாலும் ஒற்றையாகவே நிற்கும் வடிவத்தை வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

---

சிஸ்டர்னா:

மிக்க நன்றி. பின்ஹோலைத் திறந்து, 2 சுற்றில் வெளுத்து, இரண்டாம் வெளுப்பும் சேர்த்து எடுக்கிறேன். ஒளியால் இயங்கும் ஜிஎஃப்பியில் ஒரே ஒரு சந்தேகம்: முதலில் இருட்டு என்றால் புரதம் ஏறிய செல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹோய்க்ஸ்ட் என்ற கருச் சாயம் போட்டுக் கருவைப் பார்த்துத் தேடினால் போதுமா?

---

ஆப்ஜெக்டிவ்63:

ஹோய்க்ஸ்ட், அது மாதிரியே கருச் சாயமான டாப்பி ரெண்டும் வேண்டவே வேண்டாம். ஹோய்க்ஸ்டைப் பார்க்க நீங்க காட்டுற அதே புறஊதா, ஊதா ஒளிதான் ஜிஎஃப்பியையும் இயக்குது. செல்லைத் தேடி முடிக்கிறதுக்குள்ள தட்டு முழுக்க பச்சையாயிடும். அதோட கருவைப் பார்த்தா செல் இருக்குன்னுதான் தெரியும், புரதம் ஏறியிருக்கான்னு தெரியாது.

சிவப்புல ஒளிர்ற கோல்கி அடையாளப் புரதம் ஒண்ணை, உதாரணத்துக்கு எம்செர்ரி இணைச்சதை, கூடவே டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணுங்க. 561 லேசர்ல அதைப் பார்த்துத் தேடுங்க. ரெண்டு பிளாஸ்மிட்டும் பெரும்பாலும் ஒரே செல்லுக்குள்ளதான் போகும். இயக்க வேண்டிய எல்லையையும் அந்தச் சிவப்புப் படத்து மேலயே வரையலாம். பாதரச விளக்குல கண்ணால தேடற பழக்கம் இருந்தா ஊதா வடிகட்டி இருக்கிற கட்டம் பாதையில வராம பார்த்துக்கோங்க, சாதாரண வெளிச்சத்துல தேடினா விளக்குக்கு முன்னாடி ஒரு சிவப்பு வடிகட்டி போட்டுடுங்க.

இயக்கும்போது 405 லேசரைக் குறைந்த சக்தியில வச்சு ஒவ்வொரு சுற்றா கூட்டிக்கிட்டே போங்க, ஒவ்வொரு சுற்றுக்கும் 488ல ஒரு படம். ஒளிர்வு ஏறுறது நின்ன இடத்துக்கு ஒரு சுற்று முன்னாடிதான் உங்க அளவு. அதைத் தாண்டினா இயங்கினதே வெளுக்க ஆரம்பிக்கும். புரதம் ஏறாத செல் ஒண்ணுலயும் இதே சுற்றுகளை ஓட்டிப் பாருங்க. அங்கயும் பச்சை ஏறுச்சுன்னா அது செல்லோட சொந்த ஒளிர்வு, அதைக் கழிச்சாகணும்.